தாலி கட்டும் நேரத்தில் வந்த வெள்ளைக் கார்

ரசிகனாக இருப்பது ரொம்பவும் அலுப்பான வேலை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, முதலாளிக்கு நம் பெயர்கூடத் தெரியாது. இதை நான் மணவறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் செல்விக்கும் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் ரசிகர் மன்றச் செயலாளர், "நம்ம அண்ணன் சாத்தூர் பக்கம் ஷூட்டிங் வர்றாக. அவுக கையாலயே ஒனக்குத் தாலி எடுத்துக் குடுக்க வைக்கேன்" என்றார். போதாதா? பத்திரிகை என்று ஆரம்பித்தது போஸ்டராக முடிந்தது. நாலு கலரில் அண்ணன் முழு உருவமாக நின்றார். நானும் செல்வியும் அவர் செருப்புக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் இருந்தோம். (அதிலும் செல்விக்கு ஒரு கண்தான் ஒழுங்காக விழுந்திருந்தது.)

மல்லாங்கிணற்றிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து மண்டபம் பிதுங்கியது. பாதிப் பேருக்கு மாப்பிள்ளை யாரென்றே தெரியாது. சாம்பார் தீர்ந்தது, ரசம் தீர்ந்தது, அண்ணன் வரவில்லை.

மாமனார் குனிந்து, "மாப்ள, நல்ல நேரம் முடியப் போகுது. அவுக வாறப்ப வரட்டும், நீங்க கட்டுங்க" என்றார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் மாமா. வந்துருவாக."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பொறுத்துப் பார்த்து, தாலியை என் கையில் திணித்தார். அந்நேரம் பார்த்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

"ஏலே, அண்ணன் வந்துட்டாகலே!"

மண்டபமே எழுந்து ஓடியது. மேளக்காரர் ஓடினார், அட்சதைத் தட்டு ஓடியது, போட்டோகிராபர் ஓடினார், முடிச்சுப் போட வேண்டிய என் அக்காவும் ஓடினாள். தாலியும் கையுமாக நானும் எழுந்துவிட்டேன்.

செல்வி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "இங்கன பாருங்க. என்னையப் பாத்துக் கட்டுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. வெட்கத்தில் நான் செத்தே போனேன். மூன்று முடிச்சையும் நானே போட்டேன். பார்த்தது மாமனார் ஒருவர்தான்.

காரிலிருந்து இறங்கியவர் மாமனார் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. (ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, மனிதர் மறுபடி காருக்குள்ளேயே ஏறிக்கொண்டார்.) அண்ணன் முந்தின நாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டாராம். இப்படி ஒரு கல்யாணம் இருப்பதே அவருக்குத் தெரியாதாம்.

இப்போது டி.வி.யில் அவர் வந்தால் சேனலை மாற்றிவிடுகிறேன். கோபமெல்லாம் இல்லை, அலுப்புத்தான்.

எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டும் படம் கிடையாது. கார் இருக்கிறது: கதவு மூடிய கார், கதவு திறந்த கார், மாலை விழுந்த கார். அதைப் புரட்டும்போதெல்லாம் எங்கள் மகள் வேண்டுமென்றே கேட்பாள்: "இது யாரு கல்யாணம்மா?"

செல்வி அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொல்வாள்:

"அந்தக் காருக்குத்தான் கல்யாணம். ஒங்கப்பா மாப்பிள்ளைத் தோழன்."