அவியளுக்கு ஒரு நெய் ரோஸ்ட்

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்பாடு பட்டாவது ஒரு நெய் ரோஸ்ட்டைத் தின்றே தீருவது என்று ராமசுப்பு முடிவெடுத்தபோது, அவருக்கு எதிரில் யூரியா மூட்டைகள் மட்டுமே இருந்தன. அவை மறுப்பேதும் சொல்லவில்லை. கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அந்த மனிதருக்கு, தாம் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்கும் சபை அது ஒன்றுதான்.

வீட்டில் இன்னொரு சபை இருந்தது. அதில் உறுப்பினர் ஒருவரே, அவருடைய மனைவி பிரேமலதா. ஆனால் அந்த ஒருவரே பெரும்பான்மை.

ஞாயிறு மாலை அடுப்புக்கு விடுமுறை என்பது பிரேமலதா இயற்றிய சட்டம். அன்று இருவரும் ஸ்கூட்டரில் ஏறி, பைபாஸ் ரோட்டில் இருக்கும் வெள்ளிமயில் பவனுக்குப் போவார்கள். குளிரூட்டிய கூடத்தில், சுவரோரம் இருக்கும் மேசையில், எதிரும் புதிருமாக உட்காருவார்கள். பல வருஷமாக ராமசுப்புவின் வாரம் முழுவதும் அந்த ஒரு மேசையை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தது. தட்டுக்கு அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பொன்னிறமாக, தொட்டால் நொறுங்குவதாக ஒரு நெய் ரோஸ்ட் வரும். அதன் முனையைக் கிள்ளி வாயில் போடும்போது, வசூலாகாத பாக்கியெல்லாம் வசூலானதுபோல் இருக்கும் அவருக்கு.

அந்த வாழ்க்கை ஆடி மாதத்தில் முடிந்தது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, ராமசுப்புவின் இரத்தத்தில் இரத்தத்தைவிடக் கொழுப்பு அதிகமிருக்கிறது என்ற பொருள்பட ஏதோ சொன்னார். நெய் கூடாது, எண்ணெய் கூடாது, ஆவியில் வெந்தது மட்டும் போதும். ராமசுப்பு தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பிரேமலதா, நிதானமாக ஒரு சபதம் செய்தாள்.

“அவியளுக்கு ஆகாதத இனிமே நானும் ஆர்டர் பண்ண மாட்டேன், டாக்டர்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு பிரேமலதாவை ஒரு கணம் பார்த்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனைவியா என்று வாய்விட்டு வியந்தார். வெளியில் காத்திருந்தவர்களுக்குக்கூட அது கேட்டது. இரட்டைப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்பது ராமசுப்புவுக்கு மட்டும் புரிந்தது.

பிரேமலதா பி.காம். படித்தவள். கடையின் வரிக் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். ஆனால் கணவரின் பெயரைச் சொல்ல மாட்டாள். கூடவே இருந்தாலும் அவர் ‘அவிய’தான். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கணவர் என்று ஒரு பொருள். ஆவியில் வேக என்று இன்னொரு பொருள். இரண்டும் ஒன்றுதான் என்று ராமசுப்புவுக்கு ஆவணி மாதத்தில் விளங்கியது. அந்த மாதம் முழுவதும் வெள்ளிமயில் பவனில் அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: அவியளுக்கு ரெண்டு இட்லி, எனக்கும் அதே. வாரமெல்லாம் வீட்டில் இட்லி. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் செலவழித்துப் போய் மறுபடியும் இட்லி. பக்கத்து மேசைகளுக்கு ரோஸ்ட் போகும்போது அவர் தலை தானாகத் திரும்பும். அவள் சாம்பார்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளுவாள்.

ஆகவேதான் அந்த முடிவு. யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு திட்டமும் பிறந்தது.

வெள்ளிமயில் பவனில் பரிமாறும் கொம்பையா, குளத்தூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர். விதைக்கும் உரத்துக்கும் ராமசுப்புவின் கடைக்குத்தான் வருவார். அந்த ஞாயிறு கை கழுவப் போன இடத்தில் ராமசுப்பு அவரைப் பிடித்தார். தமக்கென்று பிரேமலதா எதைச் சொன்னாலும் நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாறி வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். மிச்சத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கொம்பையா தயங்கினார். பிறகு புரட்டாசி விதைப்பை நினைத்துக்கொண்டார், சம்மதித்தார்.

ரோஸ்ட் வந்தது. கொம்பையா நடிப்பில் குறை வைக்கவில்லை. மேசை மாறிவிட்டதே என்று நெற்றியில்கூட அடித்துக்கொண்டார். ராமசுப்பு, கடையில் வைத்துப் பலமுறை ஒத்திகை பார்த்திருந்த வசனத்தை எடுத்தார்.

“வந்த அன்னத்தத் திருப்பி அனுப்பப்படாது கொம்பையா. வீணாக்குனா பாவம்.”

“பாவந்தான்” என்றாள் பிரேமலதா.

தட்டு மேசையின் குறுக்கே நகர்ந்தது. ரோஸ்ட்டைக் கிள்ளுவதற்காக நீட்டிய ராமசுப்புவின் விரல்கள், ரோஸ்ட் இருந்த இடத்தின் காற்றைக் கிள்ளின.

“ஏட்டி, நீ ஆர்டர் பண்ண மாட்டேன்னு டாக்டர்ட்ட சொல்லலியா?”

“நான் எங்க ஆர்டர் பண்ணுனேன்? அதுவால்லா வந்துருக்கு.”

கோபப்பட வழியில்லை. கோபப்பட்டால் திட்டம் தெரிந்துவிடும். முறுமுறுவென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் இட்லியை விழுங்கினார். அவள் கடைசித் துண்டு வரை அன்னத்துக்கு மரியாதை செய்தாள்.

குறை திட்டத்தில் இல்லை, அளவில்தான் இருக்கிறது என்று அந்த வாரம் முழுவதும் யோசித்துக் கண்டுபிடித்தார் ராமசுப்பு. ஒரு ரோஸ்ட் வந்தால் அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு வந்தால்? எவ்வளவு அன்னத்துக்குத்தான் ஒருத்தி மரியாதை செய்ய முடியும்? அடுத்த ஞாயிறு இரண்டு மாறி வந்தன. பிரேமலதா ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றதைப் பக்கத்து வீட்டு சுகுணாவுக்குப் பார்சல் கட்டச் சொன்னாள். அந்தப் பார்சல் ஸ்கூட்டரில், ராமசுப்புவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே உள்ள கொக்கியில், வீடு வரைக்கும் மணத்துக்கொண்டே ஆடியது. மறுநாள் காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது சுகுணா வாசலில் நின்று, ரோஸ்ட் அருமை அண்ணாச்சி, உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்றாள். அவர் வண்டியை உதைத்த உதையில் அது முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு கொம்பையா இல்லை. மழை விழுந்திருந்தது, உளுந்து விதைக்க ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர், புதிதாக வந்தவர், பரிமாறிக்கொண்டிருந்தார். ராமசுப்பு பின்வாங்கியிருக்கலாம். ஆனால் நெய் மணம் மனிதனை யோசிக்க விடுவதில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே அவசர அவசரமாக விளக்கினார். அவியளுக்கு என்று அம்மா எதைச் சொன்னாலும், அதற்குப் பதிலாக ஒரு நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பொள்ளாச்சிக்காரர் பணிவாகத் தலையாட்டினார். ‘அவிய’ என்று கணவரைச் சொல்வார்கள் என்பது பொள்ளாச்சி வரை போய்ச் சேராத செய்தி என்று ராமசுப்புவுக்கு உறைக்கவில்லை.

மேசைக்கு வந்தவரிடம் பிரேமலதா வழக்கம்போல் சொன்னாள்.

“அவியளுக்கு ரெண்டு இட்லி.”

“அவியல் மத்தியானத்தோட தீந்து போச்சுங்க.”

பிரேமலதா எதிர் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “தீரலியே. இங்கனதான உக்காந்திருக்காவ.”

பொள்ளாச்சிக்காரர் குழம்பினார். குழம்பினாலும் கடமை தவறாதவர்.

“அதில்லீங்க. அவியலுக்குப் பதிலா நெய் ரோஸ்ட்டு கொண்டாரச் சொல்லி, ஐயா கை கழுவற எடத்துல சொன்னாருங்க. கொண்டாரட்டுங்களா?”

ராமசுப்பு தண்ணீர் டம்ளரின் அடியை உற்றுப் பார்த்தார். குதித்துவிடும் அளவுக்கு அதில் ஆழமில்லை. பிரேமலதா கோபப்படவில்லை. ஐயா வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று அன்பாகக் கேட்டாள். கேட்டது ஒன்று விடாமல் அந்த நல்ல மனிதர் ஒப்பித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் இட்லி போதும் என்றாள்.

வீட்டில் ராமசுப்புவே முந்திக்கொண்டார். குற்றவாளிக் கூண்டில் நின்று வழக்கறிஞர்போல் பேசுவது அவருக்குக் கைவந்த கலை. ஒரு மனிதன் எத்தனை நாள் ஆவியில் வெந்ததையே தின்பான், தான் என்ன புட்டுக் குழலா என்று கேட்டார். கட்டிய மனைவி எதிரில் இருந்து ரோஸ்ட் தின்ன, தான் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டார். திட்டம் அவளுக்கு எப்போது தெரிந்தது என்றும் தெரிந்துகொள்ள விரும்பினார்.

“மொத நாளே தெரியும்” என்றாள் பிரேமலதா. “வீட்டுல தோசை ஓரம் கருகுனா தெருவே கேக்கக் கத்துத மனுசன், ஓட்டல்ல மாறி வந்ததுக்கு அன்னம், பாவம்னு பேசுனா எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் தின்னியே.”

“நல்லா இருந்துச்சு. தின்னேன்.”

அவர் சோர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் இறங்கி வந்தாள். ஒரு ரோஸ்ட் வாங்குவோம், ஆளுக்குப் பாதி. பாதி தின்றால் குடி முழுகிவிடாது. நேராகக் கேட்டிருந்தால் முதலிலேயே தந்திருப்பேன் என்றாள். ராமசுப்பு மகிழ்ந்தார். உடனே சந்தேகமும் கொண்டார். இவ்வளவு சுலபமாக எதுவும் அந்தச் சபையில் நிறைவேறியதில்லை. பாதி என்று பெயர் பண்ணி ஒரு கிள்ளு தந்துவிட்டால்?

அவருக்குச் சொத்துப் பாகம் பிரித்த நாள் நினைவுக்கு வந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய குடும்பத்துக்குக் கரிசல் காடு உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் முறை. பிரிப்பவன் ஏமாற்ற முடியாது. அப்படித்தான் அண்ணன் பிரிக்க, இளையவரான ராமசுப்பு கண்ணை மூடிக்கொண்டு பெரிய பங்கை எடுத்தார். கிணறு சின்னப் பங்கில் இருந்தது. அண்ணன் இன்றைக்கும் மிளகாய் எடுக்கிறார். இவர் உரம் விற்கிறார். அன்றைக்குப் புதுப்பெண்ணாக நின்று அதைப் பார்த்தவள் பிரேமலதா.

“நீ பிச்சு வைக்கணும். நான்தான் மொதல்ல எடுப்பேன்” என்றார் ராமசுப்பு, கண்டிப்பாக.

“சரி” என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு கொம்பையா விதைப்பு முடித்து வந்திருந்தார். ராமசுப்பு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் வந்திருந்தார். பிரேமலதா முதலில் கை கழுவப் போனாள். திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. குழாயடியில் கூட்டம் என்றாள். பிறகு கொம்பையாவைக் கூப்பிட்டு, ஒளிவு மறைவில்லாமல், ஒரு நெய் ரோஸ்ட் என்று சொன்னாள். அந்தச் சொற்களை அவள் வாயால் கேட்டபோது ராமசுப்புவுக்குக் கண் கலங்கியது.

வந்தது. இரண்டு முனையும் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. மணம் மேசையைச் சுற்றி ஒரு வலம் வந்து அவர் மூக்கில் இறங்கியது. பிரேமலதா அதைப் பிய்த்தாள். பிய்த்த இடம் நடுவில் இல்லை. யார் பார்த்தாலும் தெரியும், ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை. கணக்குப் பார்க்கிற பெண், இவ்வளவு வெகுளியாகவா பங்கு பிரிப்பாள்? அவள் மனம் மாறுவதற்குள் ராமசுப்பு நீளமான துண்டைத் தம் தட்டில் சேர்த்துவிட்டார்.

சட்னியில் தோய்த்தார். கண்ணை மூடினார். கடித்தார்.

மென்றார். கண்ணைத் திறந்தார். சட்னி இல்லாமல் இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தார். முறுகலுக்குக் குறையில்லை, நிறத்துக்கும் குறையில்லை. ஆனால் நாக்கு எதையோ தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. எதிரில் பிரேமலதாவின் மணிக்கட்டு வழியாக நெய் முழங்கையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

“கொம்பையா, இதுல நெய்யே இல்லியே.”

கொம்பையா பக்கத்து மேசையைத் துடைப்பதில் மிகவும் கவனமாக இருந்தார். “உங்க பக்கம் நெய் விட வேண்டாம்னு மதினிதான் சொன்னாவ அண்ணாச்சி. பழகுன கல்லுல்லா, நெய்யில்லாமலும் நல்லா செவந்துரும்.”

ராமசுப்பு மனைவியைப் பார்த்தார். முறை தவறவில்லை. அவள் பிரித்தாள், அவர்தான் எடுத்தார். எந்தப் பஞ்சாயத்திலும் இந்த வழக்கு நிற்காது. இருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டார்.

“நான் இதத்தான் எடுப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

பிரேமலதா மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க எப்பவும் பெருசத்தான எடுப்பீங்க. அதான் உங்க பக்கம் கொஞ்சம் கூடவே வார்க்கச் சொன்னேன். நெய்தான் இல்ல, மாவாவது நெறைய இருக்கட்டும்னு.”