படத்தின் முதுகில் எழுதுகிறவர்

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வடக்குப்பட்டு வரைக்கும் எத்தனையோ கம்பெனி வந்தது, எத்தனையோ ஆட்கள் வந்தார்கள். தன் தொழில் ரகசியத்தை ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எஃப் எட்டு.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. படம் பிடிப்பதற்கு முன்னால் மந்திரம் மாதிரி, "எஃப் எட்டு, நூத்தி இருபத்தஞ்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். எட்டு என்பது கேமராவின் கண் எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதாம். மற்றது எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதாம். எனக்கு எதற்கு இது? அவர் ஸ்டுடியோவுக்கு அடுத்த கடையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து வருஷக்கணக்கில் கேட்டதில், இட்லிக் குண்டானின் மூடியைத் திறக்கும்போதுகூட என் வாயில் எஃப் எட்டு வந்துவிடும்.

சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தின் முதுகிலும் எழுதிக் கொடுப்பார். எந்த பிலிம், எந்த நம்பர், விளக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி, எல்லாம். ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள், "இத்த வச்சிகினு நான் இன்னாண்ணே பண்றது?" என்று கேட்பார்கள்.

"நீ ஒண்ணியும் பண்ண வேணாம்பா. உன் வூட்டுக்கு ஒருத்தன் வருவான். இந்தப் படத்தப் பாப்பான். எப்படி எடுத்தான்னு அவனுக்குத் தோணும். அவன் யார்கிட்ட போயி கேப்பான்?"

அவர் தொழில் கற்றது காஞ்சிபுரத்தில். அங்கே முதலாளி கேமராவைத் திருகும்போதெல்லாம் தோள் துண்டை எடுத்து மூடிக்கொள்வாராம். ஆறு வருஷம் துண்டைத்தான் பார்த்தேன் என்பார். அந்தத் துண்டின் மேலிருந்த கோபம்தான் இப்படி எழுத்தாக வந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

கம்பெனி வேலைக்கு மனுப் போடும் பையன்களுக்காக ஸ்டுடியோவில் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு டையும் ஆணியில் தொங்கும். ஊரில் பாதிப் பேர் அதே கோட்டில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு பையனின் படத்தை கம்பெனி அதிகாரி திருப்பிப் பார்த்திருக்கிறார். 'கோட்டு கடையினுடையது. துணி கறுப்பு. அதனால் வெளிச்சம் ஒரு படி கூட்டியது' என்று இருந்திருக்கிறது. அதிகாரி, "கோட் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். "அடுத்தவன் போட்டுகினு உக்காந்துகினு இருப்பான் சார், ஸ்டுடியோவுல" என்றானாம் பையன். வேலை கிடைத்துவிட்டது. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டுவிட்டு இதைச் சொன்னான்.

அப்புறம் எதிர்ச் சாரியில் ஒருவர் புது ஸ்டுடியோ திறந்தார். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள். எஃப் எட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். கல்யாணத்துக்கு என்ன வைக்கணும், கோயிலுக்குள் என்ன வைக்கணும், உச்சி வெயிலுக்கு என்ன வைக்கணும் என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் என் கடை டம்ளர் அதிர்ந்தது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியே, அப்படியே நம்ம கடை சாவியையும் குடுத்துட்டு வந்துடேன்யா."

புதுக்காரருக்கோ சந்தேகம். தொழில் போட்டிக்காரன் இவ்வளவு சொல்கிறான் என்றால் அத்தனையும் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, நோட்டில் இருந்ததற்கு எல்லாம் நேர்மாறாக வைத்து ஒரு காதுகுத்தை எடுத்திருக்கிறார். முப்பத்தாறு படத்திலும் பாதி கறுப்பு. மிச்சப் பாதியில் தாய்மாமனின் முழங்கை. ஆட்கள் சட்டையைப் பிடித்த பிறகு இங்கே ஓடி வந்தார்.

"யோவ், நீ எழுதினது நெசமாவேவா?"

"அப்ப நீ வச்சிப் பாக்கவே இல்லையா?" என்றார் எஃப் எட்டு. அவர் முகம் வாடிப்போய்விட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த ஆளோடு தானே போய், பக்கத்தில் நின்று நம்பர் சொல்லிவிட்டு வந்தார்.

ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு எழுத்து இன்னும் கூடிப்போயிற்று. இப்போது எடுத்தது மட்டுமல்ல, திருத்தியதையும் எழுத வேண்டுமே. பாஸ்போர்ட் சைஸ் படத்தின் முதுகு பத்தாமல் துண்டுச் சீட்டு பின் அடித்துத் தந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆள் உயர பேனர் அடித்தபோது, மூலையில் வாழ்த்துவோர் பெயருக்குக் கீழே 'தலைமுடி கறுப்பாக்கியது. முன்நெற்றி முடி பின்பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியது' என்று அச்சாகிவிட்டது. பெரியவர் மூன்று மாசம் அந்த ரோட்டில் வரவில்லை.

இவரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

என் மகள் மலருக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பு. சின்னப் பிள்ளையில் கஞ்சி கொட்டியது. அடுப்பில் வைத்தது நான், எட்டிப் பார்க்காமல் விட்டதும் நான். பெண் பார்க்க மூன்று இடம் வந்து, பஜ்ஜி தின்று, கன்னத்தைப் பார்த்து, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். மூன்றாவது ஆட்கள் போன அன்று மலர் தட்டைக் கழுவிக்கொண்டே, "இனிமே பஜ்ஜி போடாதம்மா. எண்ணெதான் வீணு" என்றாள். 

நாலாவதாகத் தரகர் ஒரு இடம் சொன்னார். பையன் மறைமலை நகரில் கார் கம்பெனி லைனில் வேலை. அம்மா மானாமதுரைப் பக்கம் ஊரில். முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். நேரில் வந்தால் பார்க்கத்தான் போகிறார்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் முதலில் முகம் மனசில் பதிந்துவிட்டால் அப்புறம் தழும்பு சின்னதாகத் தெரியும் என்று ஒரு ஆசை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், கடை ஒழிந்த நேரம் பார்த்து, தழும்பு தெரியாமல் ஒரு படம் வேண்டும் என்று எஃப் எட்டிடம் கேட்டேன். நன்றாகவே எடுத்துக் கொடுத்தார். மலரின் கன்னம் பிறந்தபோது இருந்த மாதிரி இருந்தது. திருப்பினேன். 'இடது கன்னத் தழும்பு, வலது கன்னத்துத் தோலை எடுத்து மூடியது. நாற்பது நிமிடம்.'

"ஏண்ணே, இது என் பொண்ணு வாழ்க்கை. இத்தப் போயி எழுதிக்கிறியே."

"தங்கச்சி, அந்தக் கன்னத்த மூடறதுக்கு நான் எத்தினி தரம் கலைச்சிக் கலைச்சிப் பண்ணேன் தெரியுமா? நாளைக்கு ஒரு போட்டோக்காரன் பாத்தா கத்துக்கிவான் இல்ல?"

"வேற சீட்டுல எழுதி நீயே வச்சிக்கயேன்."

"படம் ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம் போச்சின்னா எவன் கத்துக்கிறது?"

அந்த மனிதரோடு பேசிப் பயனில்லை. வீட்டுக்கு வந்து, காலண்டர் தாளை அளவாகக் கிழித்து, நாலு பருக்கைச் சோற்றை மசித்து, எழுத்தின் மேல் ஒட்டினேன். காய்ந்ததும் தரகரிடம் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்துப் பையனும் அம்மாவும் வந்தார்கள். பஜ்ஜி போடவில்லை. மலர் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் டம்ளரைத் தொடவில்லை. மலரின் கன்னத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எடது கன்னந்தான? சரியாத்தேன் எழுதியிருக்கு" என்றார்.

சட்டென்று நிமிர்ந்தேன்.

"ஏன் மதினி, சோத்தப் போட்டா ஒட்டுவாக? எறும்பு வந்து ஊரக் கூட்டிருச்சு. பிரிச்சுப் பாத்தா எழுத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு வாசிக்கச் சொன்னேன்."

"தப்புதாம்மா" என்றேன்.

"தழும்ப மறச்சதுக்கு உங்களத் திட்டணும்னுதேன் பஸ்ஸு ஏறுனேன். செங்கல்பட்டு வர்றதுக்குள்ள கோவம் போயிருச்சு. பெத்தவ செய்றதுதேன." அப்புறம் மகனைப் பார்த்தார். "ஏலே, பிள்ளையப் பிடிச்சிருக்கா?"

பையன், "நீ ஊர்லயே கேட்ட, நான் அப்பயே சொல்லிட்டேன்ல" என்றான். மலர் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே ஒரு தட்டு கீழே விழுந்தது.

"அப்பச் சரி. அந்தப் போட்டோக்காரர எனக்குக் காட்டுங்க" என்று அந்த அம்மாள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

பைக்குள் இருந்தது அவர் வீட்டுக்காரரின் படம். இறந்து பல வருஷம். இருந்த ஒரே படத்தில் நெற்றியையும் வலது கண்ணையும் கரையான் தின்றிருந்தது. கன்னத்தை மூடத் தெரிந்தவருக்குக் கண்ணைத் திறக்கத் தெரியாதா என்பது அந்த அம்மாளின் கேள்வி. எஃப் எட்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பையனையும் பார்த்தார். பிறகு அவனை உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நிச்சயத்துக்கு அவர்கள் மறுபடி வந்தபோது படம் தயாராக இருந்தது. முழு மனிதர், இரண்டு கண்ணும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் உடனே திருப்பி என்னிடம் நீட்டினார். "வாசிங்க மதினி."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'நெற்றி, கரையான் போக மீதி இருந்த இடத்திலிருந்து. இடது கண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், முறைத்தது. அதனால் வலது கண் மகனுடையது.'

அந்த அம்மாள் படத்தைத் திரும்ப வாங்கி முகத்தைப் பார்த்தார்.

"அதேன் பாத்தேன். இவுக ஒருநாளும் என்னைய இம்புட்டுப் பொறுமையாப் பாத்ததில்லையேன்னு."

எஃப் எட்டு பதறிப்போனார். "தப்பாச்சிதுன்னா மாத்திடறேம்மா."

"வேண்டாந் தம்பி. பாத்துட்டுப் போகட்டும்."

எஃப் எட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக எழுந்தார். "தங்கச்சி, கண்ண மட்டும் எஃப் நாலுல எடுத்தேன். எழுத வுட்டுப் போச்சி. பேனா எங்கன்னு பாரு" என்று மேசை மேலிருந்த கவர்களைக் கலைத்தார். பேனா அவர் காதின் மேல்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நின்றேன். நல்ல மனிதர், தேடிக்கொண்டே இருந்தார்.