கிடங்குக்காரரின் பாஸ்வேர்டு

கிடங்குக்காரரின் பெயருக்கு நேரே கம்ப்யூட்டர் முட்டை போட்டிருந்தது. கிடங்கு மென்பொருளை அவர் ஒருநாள்கூடத் திறந்ததில்லை.

நிறுவனத்தில் யார் எந்த மென்பொருளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஒரே அட்டவணையில் திரட்டுவதற்கென்றே தலைமையகத்தில் ஒருவன் இருந்தான். அதனால் ‘புள்ளிவிவரம்’ என்றே அவனைக் கூப்பிட்டார்கள். வேலையில் பலன் இல்லாமல் இல்லை. ஒரே மென்பொருளை மூன்று பிரிவுகள் தனித்தனியாக வாங்கி வைத்திருந்த கூத்து வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் தொடாதவற்றுக்குச் சந்தா கட்டுவது நின்றது. மேலாளர் அம்மாள் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்.

அதே அட்டவணையைப் பார்த்துத்தான் அவர் அடுத்த முடிவுக்கும் வந்தார். இங்கே சும்மா கிடக்கும் மென்பொருளையும் அதற்குரிய ஆளையும், ஆள் போதாமல் திண்டாடும் தூரத்துக் கிளைக்கு அனுப்பிவிடலாம்.

புள்ளிவிவரத்துக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஜீவன் கிடங்குக்காரர்தான். நண்பருக்காகத் துடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான். பாதித் துடிப்பு தனக்காகத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

“அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திறந்துதான் பாருங்களேன்” என்று ஜாடையாகச் சொன்னான்.

“கண்ணு வலிக்குதுய்யா, அப்புறம் பார்க்கலாம்.”

பாஸ்வேர்டு திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. அவர் கிளம்பியதும் புள்ளிவிவரம் தினமும் மென்பொருளைத் திறந்து மூடினான். மாதக் கடைசியில் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். திறக்கிறார் சரி, எதையும் தேடவில்லையே என்றார்.

தேடிவிட்டால் போயிற்று. கண்ணில் முதலில் பட்டது வாளி. தேடினான். மறுநாளும் வாளி. அவனுக்குக் கற்பனை கொஞ்சம் மட்டு.

கொள்முதல் பிரிவும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பொருள் வாங்கும். பார்க்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். தலைமையகம் வாளி இல்லாமல் தவிக்கிறது என்று முடிவுகட்டி லாரி நிறைய அனுப்பிவிட்டார்கள். கிடங்கில் கால் வைக்க இடமில்லை.

“யாரு செய்யற வேலைன்னே தெரியலைய்யா” என்று கிடங்குக்காரர் வாளிகளுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து பாஸ்வேர்டை மாற்றினார். மறந்துவிடுமோ என்று புதியதையும் அங்கேயே ஒட்டினார்.

வாளியை மறைக்கக் குழாய், கயிறு, ஆணி என்று கைக்கு வந்ததையெல்லாம் தேடித் தள்ளினான் புள்ளிவிவரம். அதோடு காரியம் கைமீறிப் போயிற்று. நிறுவனத்திலேயே அதிகம் பயன்படுவது கிடங்கு மென்பொருள்தான் என்றது அட்டவணை. மாற்றல் ரத்தானது. இப்பேர்ப்பட்ட ஆள் ஓய்வுபெறும்வரை தலைமையகத்தை விட்டு நகரக் கூடாது என்று ஆணை வந்தது. கூடவே ஒரு பாராட்டுக் கூட்டமும்.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கிடங்குக்காரரின் மனைவி பயணப் பையை மடியில் வைத்தபடி புள்ளிவிவரத்தின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவரை அவன் பார்ப்பது அதுவே முதல்முறை. மதியச் சாப்பாட்டில் பேசுவதெல்லாம் அவன்தான். கிடங்குக்காரரின் வீட்டைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஊரார் விவரத்தையெல்லாம் திரட்டியவன் அதை மட்டும் கேட்காமல் விட்டோமே என்று பின்னால் வெகுநாள் நொந்துகொண்டான்.

மேடையில் கிடங்குக்காரர் கேடயத்தை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“உங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குமே” என்றான் புள்ளிவிவரம்.

அந்த அம்மாள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அந்தக் கிளை இருக்கிற ஊர்லதான் அண்ணா நானும் பிள்ளைங்களும் இருக்கோம், மாத்தல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தப் பெட்டியத் தொடாமலே இருந்தா அவங்களே அனுப்பிடுவாங்கன்னு இத்தனை நாளா கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தாரு.”