லாரிக்கு ஒரு டாய்லெட் ரோல்

இளநீரை வடிகட்டிக் குடித்த ஒரே ஒரு மனிதரைத்தான் இந்த உலகம் இதுவரை பார்த்திருக்கிறது. அவரிடம் லாரி ஓட்டிய பாவி நான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு திரும்புகிறவரைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு சொல்தா மேல்தான் விழ வேண்டும். அதனால் அடையாளத்துக்காக இவர் ‘வடிகட்டி சொல்தா’. நேரில் கூப்பிட்டால் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’. இளநீர்க்காரர் சீவிக் கொடுத்ததும் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி, டம்ளர் வாயில் விரித்து, அதன் மேல் ஊற்றுவார்.

“முசே, அது தென்ன மரமே வடிகட்டி அனுப்புனது.”

“மரம் கை கழுவுச்சாடா?”

இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லிப் பாருங்களேன்.

பட்டாளத்தில் என்ன கிழித்தீர்கள் என்று கேட்டால் டாங்கி, பீரங்கி என்று ஆரம்பிப்பார். நான் விசாரித்தவரை சமையல் கூடத்தில் சூப் வடிகட்டியிருக்கிறார்.

மற்ற சொல்தாக்கள் திரும்பி வந்து மாடி வீடு கட்டினார்கள். இவர் பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி என் தலையில் கட்டினார். தட்டாஞ்சாவடியில் ஐஸ் கட்டி ஏற்றி, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இறக்க வேண்டும். அங்கே விசைப்படகு வைத்திருந்த செல்வி அக்காதான் எங்களுக்குப் படியளக்கிற சாமி. அக்காவின் ஐஸ் சவாரி போனால் லாரியை விற்க வேண்டியதுதான். லாரி போனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கு எந்த மடையன் வேலை தருவான்?

ஈரோ வந்த புதிது அது. பழைய பிரெஞ்சுக் காசு பிராங்க் செல்லாமல் போன கோபத்தில் இருந்தவர், ஒரு நாள் இன்ஜினில் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, கைக்குட்டையில் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எட்டாங்கிளாஸு, இது இன்னாடா?”

“ஆயிலு முசே.”

“ஆயிலா? இத கொட்டி ரோடு போடலாம்டா!”

“டீசல் வண்டின்னா கறுப்பாத்தான் ஆவும். மாத்திட்டா போச்சு.”

“மாத்துறவன் சோம்பேறி. வடிகட்டறவன்தான் மனுஷன்.”

அன்றைக்குப் பிடித்தது சனி. அதன் பெயர் பைபாஸ் ஃபில்டர்.

விஷயம் இதுதான். எந்த இன்ஜினிலும் ஆயிலைச் சலிக்க ஒரு ஃபில்டர் இருக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் மாதிரி அது அவசரத்தில் வேலை பார்க்கும். நுண்ணிய கரி தப்பிவிடும். பைபாஸ் ஃபில்டர் தனியாக உட்கார்ந்துகொண்டு, கொஞ்சூண்டு ஆயிலை மட்டும் வாங்கி, நிதானமாக வடிகட்டி, திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும். சொல்தாவுக்கு இது தெரிந்ததும், காணாமல் போன தம்பி கிடைத்த மாதிரி ஆகிவிட்டார்.

சும்மா வாங்கிவிடுவாரா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். வாயில் வைத்து ஊதினார். காற்று போனது. “எம் மூச்சே போவுதே, கரி போவாதா?” என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் அதைத் துடைத்து வைத்த விதத்தில் இருந்தே எனக்குத் தெரியும், அந்தக் கடைப்பக்கம் இனி போக முடியாது என்று. அடுத்து, உடைத்துப் போட்ட படகு இன்ஜினில் இருந்து கழற்றிய ஒன்றைத் துறைமுகத்தில் பார்த்தோம். முகர்ந்து பார்த்து, “கெளுத்தி நாத்தம்” என்றார். ஆயிலை இன்ஜின்தானே குடிக்கப் போகிறது, இவரா?

கடைசியில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த அவர் மச்சான் ஒரு இரும்பு டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே உருண்டையாக இடம். அதில் வைக்க வேண்டியது டாய்லெட் பேப்பர் ரோல். சத்தியமாகச் சொல்கிறேன், அதேதான். இறுக்கிச் சுற்றிய பேப்பர் வழியாக ஆயில் இறங்கினால் கரி எல்லாம் பேப்பரில் நின்றுவிடுமாம்.

“முசே, நாங்க தண்ணியில கழுவுற ஆளுங்க. நம்ம லாரிக்கு மட்டும் எதுக்கு தொரைத்தனம்?”

“வாய மூட்றா. வண்டிய எடு.”

பீச்சுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் கடை. சொல்தா ஒவ்வொரு ரோலாகக் கட்டை விரலால் அழுத்தினார், காதருகில் வைத்துத் தட்டினார். முலாம்பழம் வாங்குகிறவர்கூட அவ்வளவு பார்க்க மாட்டார். கடைப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஐயாவுக்கு வயிறு சரியில்லீங்களா?” என்றாள்.

“எனக்கு இல்லம்மா, லாரிக்கு” என்றார் சொல்தா, கம்பீரமாக. “ரோஸ் வாசனை போட்டது வேணாம். லாரிக்கு எதுக்கு சென்ட்டு?”

தட்டாஞ்சாவடியில் தாஸ் மெக்கானிக் பட்டறையில் மாட்டினோம். இன்ஜினில் பிரஷர் எடுக்கும் இடத்தில் இருந்து டப்பாவுக்கு ஒரு பைப், டப்பாவிலிருந்து ஆயில் ஊற்றும் மூடிக்கு ஒரு பைப். டப்பாவை லாரியின் அடிச்சட்டத்தில், சேஸில் முடுக்கலாம் என்றார் தாஸ். வெளியே தூசு என்று சொல்தா கேபினுக்குள், சாமி படத்துக்குக் கீழே, என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கொதிக்கிற ஆயில் டப்பாவை ஒட்டி உட்கார்ந்து லாரி ஓட்டிப் பாருங்கள், என் அருமை தெரியும்.

அதோடு விட்டாரா? டப்பாவுக்கு ஆயில் போகிற நட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை.

“தாசு, இன்னாய்யா இது, பாதி அடைச்சிருக்கு?”

“அது அப்படித்தான் முசே. கொஞ்சமாத்தான் போவணும்.”

“இந்த ஓட்டையில எறும்பு கூட ஒருக்களிச்சுத்தான் போவும். பெருசு பண்ணு.”

“வேணாம் முசே. பிரஷர் எறங்கிடும்.”

“வடிகட்டறதப் பத்தி எனக்கே சொல்றியா?”

தாஸ் என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன். டிரில் ஓடியது.

மறுநாள் மதியம் ஐஸ் ஏற்றிக் கிளம்பினோம். செல்வி அக்காவின் படகு கடலுக்குக் கிளம்ப ஐஸுக்காகக் காத்திருந்தது. லேட் ஆனால் வேறு லாரி பார்த்துக்கொள்வதாக முதல் நாளே சொல்லியிருந்தார். சொல்தா டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, “ஓடுதுடா, உள்ள ஓடுது” என்று கர்ப்பிணி வயிற்றைத் தொட்ட மாதிரி பூரித்தார். மரப்பாலம் நெருங்கும்போது நான் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்தேன். அது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன்.

“ஓட்டை பெருசாச்சு, ஆயிலு மொத்தமும் உங்க டப்பாவுக்கே ஓடுது. இன்ஜினுக்குப் பிரஷர் இல்ல. இப்படியே ஓட்டுனா இன்ஜின் புடிச்சு நின்னுடும். பைப்ப அடைச்சாத்தான் போவ முடியும்.”

“எத, ஃபில்டர அடைக்கிறதா? பேப்பர் ஊற டைம் வேணும்டா.”

“பேப்பர் ஊறும். பின்னால ஐஸும் ஊறுது, பாருங்க.”

லாரிக்குப் பின்னால் ரோட்டில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். சொல்தா அந்தத் தண்ணீரையே பார்த்தார். “சரி, அடைடா” என்றார்.

நட்டைக் கழற்றி, உள்ளே தட்டையாக ஏதாவது வைத்து இறுக்கினால் பைப் அடைந்துவிடும். என் பையில் இருந்த காசு எல்லாம் பெரிசு, உட்காரவில்லை. சொல்தா மணிபர்ஸைத் திறந்தார். சாமி படத்துக்கே காட்டாத ஒன்றை உள் மடிப்பிலிருந்து எடுத்தார்: பிரான்சில் அவர் வாங்கிய முதல் சம்பளத்தில் மிச்சம் வைத்த பொடிக் காசு, பிராங்குக்குச் சில்லறையான மஞ்சள் சாந்தீம்.

“முசே, அது வேணாம்…”

“செல்லாத காசுதானே. இன்ஜினுக்காவது செல்லட்டும், வை.”

அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தேன். முள் எழுந்து நின்றது. துறைமுகத்துக்கு நான் ஓட்டிய வேகத்தில் சாமி படம் கண்ணை மூடிக்கொண்டது.

செல்வி அக்கா இடுப்பில் கையோடு நின்றார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். “ஐஸு கேட்டா தண்ணி கொண்டாந்திருக்கியே சொல்தா!”

நான் செத்தேன் என்று நினைத்தேன். சொல்தா தொண்டையைச் செருமினார்.

“வடிகட்டின தண்ணி, அக்கா.”

அக்கா சிரித்ததை அந்தத் துறைமுகம் அதுவரை பார்த்ததில்லை. படகுக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். “எறக்கித் தொலைங்க. நாளைக்கும் இப்படி வந்தீங்க, உங்க ரெண்டு பேரையும் வலையில போட்டு இழுத்துனு போவேன்” என்றார். அந்த ‘நாளைக்கும்’ போதும் எங்களுக்கு.

தாஸ் சின்னத் துளையோடு புது நட்டு போட்டார். டப்பா சேஸுக்குப் போனது. என் முழங்கால் பிழைத்தது. சொல்தா தப்பை ஒத்துக்கொண்டாரா? “ஓட்டை சரியாத்தான் இருந்துச்சு, இன்ஜின்தான் சின்னது” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த சாந்தீமைத் துடைத்து நீட்டினேன். வாங்கவில்லை. டாஷ்போர்டில் சாமிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்.

போன மழைக்காலத்தில் சொல்தா கண்ணை மூடினார். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் பேசியதும் உருப்படியான பேச்சு இல்லை. டிரிப்ஸ் பாட்டிலைக் காட்டி, “இத வடிகட்னாங்களான்னு கேள்றா” என்றார். நானும் போய்க் கேட்டேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

லாரி அவர் வீட்டம்மாவுக்காக இன்னும் ஓடுகிறது, அதே டப்பாவோடு. ரோல் மாற்றும் நாள் வந்தால் பீச் பக்கத்துக் கடைக்கு நான்தான் போகிறேன். கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன், காதில் வைத்துத் தட்டுகிறேன். போன வாரம் அந்தப் பெண், “இது மட்டும்தாண்ணா இருக்கு” என்று ரோஸ் வாசனை போட்டதை நீட்டினாள்.

“வேணாம்மா,” என்றேன். “அவருக்குப் பிடிக்காது.”