ஐந்து படுக்கையறைகளும் ஒரு பள்ளிப் பேருந்தும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் (நீ கோபத்தில் அவளை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்) உன் மருமகளும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் வீடு வாசல் இல்லாமல் ஒரு கடையில் ஒண்டிக் கிடக்கிறோம் என்று யாரோ உன்னிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். நம் சித்தப்பா மகனைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு ஓய்வு நேரம் இருக்கிறது? நீயும் உடனே அழுதுகொண்டே ஃபோன் செய்து, பெண்ணை என்னிடம் அனுப்பு, நான் படிக்க வைக்கிறேன் என்றாய். ஃபோனில் நீ என்னை வாய் திறக்க விடுவதில்லை என்பதால் எழுத்தில் சொல்கிறேன்: எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். நாங்கள் இருந்த கட்டடத்தில் விரிசல் விழுந்து, அதிகாரிகள் வந்து எல்லோரையும் வெளியேற்றி, வாசலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டிய வீட்டுக்காரரைக் காணவில்லை. நான் வேலை பார்க்கும் ஃபர்னிச்சர் கடையின் முதலாளி நல்ல மனிதர். இரவுக் காவலையும் என் தலையில் கட்டி, குடும்பத்தோடு மாடியிலேயே இருந்துகொள் என்றார். மாடியில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே ஐந்து படுக்கையறைகளை ஜோடித்து வைத்திருக்கிறோம். அக்கா, நம் குடும்பத்தில் யாருக்காவது ஐந்து படுக்கையறை வாய்த்ததுண்டா? ஜன்னல் திரையை விலக்கினால் சுவர்தான் இருக்கிறது, குளிக்கப் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டியிருக்கிறது என்று என் மனைவி முணுமுணுக்கிறாள். அவள் எந்த வீட்டில்தான் முணுமுணுக்கவில்லை? டிவி அட்டையில் செய்தது. அதில் தொடர் எதுவும் ஓடாததால் எனக்கு நிம்மதி. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. ஆகையால் ஒருவர் புரண்டு படுத்தால் மூவரும் எழுந்து உட்காருகிறோம். சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. ராத்திரி படுத்த கட்டிலைப் பகலில் நானே விற்க வேண்டியிருக்கிறது. தூங்கிப் பார்த்த கட்டில் என்பதால் அதன் பெருமையை மனதாரச் சொல்கிறேன், உடனே போய்விடுகிறது. இந்த மாதம் நான்தான் விற்பனையில் முதல்.

இப்போது பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு இது கடைசி வருடம். பள்ளிக் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர் என்பது உனக்குத் தெரியும். கடையிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். தினமும் முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருகிறாள். பயிற்சியோ விடியற்காலையில். அவளுக்குப் பதில் ஒரு பெண்ணை நிறுத்திப் பார்த்தார்களாம், அவள் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளாம். இதைச் சொல்லிவிட்டு மகள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

போன வாரம் அவளுடைய பள்ளி டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். கட்டில் வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் மாடிக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு அறையாகக் காட்டி, தேக்கு எது, தேக்கு மாதிரி எது என்று விளக்கி முடித்தேன். அதுவரை பொறுமையாகக் கேட்டவர், ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தங்க இடமில்லாத பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பள்ளியில் தனக்குத்தான் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"எங்களுக்கு வீடு இருக்கு டீச்சர். நீங்க உட்கார்ந்திருக்கிறதே எங்க மூணாவது பெட்ரூம்தான்" என்றேன்.

"அப்படின்னா, இந்தத் தெரு வேற ஸ்கூலோட எல்லையில வருது சார். வீடு இதுதான்னா அவ அங்கதான் போய்ச் சேரணும். வீடு இல்லைன்னா, படிச்சிட்டிருக்கிற ஸ்கூல்லயே கடைசிவரைக்கும் படிக்க அவளுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. பஸ் நாங்களே அனுப்புவோம். விலாசத்துக்குச் சான்று கேட்க மாட்டோம். பெத்தவங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். ஆனால் அக்கா, எங்கள் தொழிலில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. கேட்ட நிறத்தில் சோபா இல்லையா, "வந்துக்கிட்டே இருக்குங்க" என்போம். கம்பெனியே மூடிப்போயிருந்தாலும் "வந்துக்கிட்டே இருக்குங்க" என்போம். டீச்சர் என் முகத்தைப் பார்த்து, "வீடு இருக்கா, இல்லையா சார்?" என்று நேராகக் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, "வந்துக்கிட்டே இருக்குங்க" என்றேன். மாடிப்படியில் நின்ற மகள் கீழே இறங்கிப் போனாள். டீச்சரை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஆகவே தீர யோசித்து முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் மகள் பக்கத்துப் பள்ளிக்குப் போவாள். அங்கே கால்பந்து இல்லையாம். இருக்கட்டுமே, காலுக்கு அடிபடாது. வீடு இல்லாதவர்கள் என்று நான்கு பேர் சொல்ல வைத்து அவளைப் படிக்க வைக்க வேண்டிய நிலையில் உன் தம்பி இல்லை. நீ அழ வேண்டாம், புறப்பட்டும் வர வேண்டாம். வந்தால் எந்த அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல், விற்காமல் வைக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
குறையொன்றும் இல்லாத உன் தம்பி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. மகள் உட்கார்ந்து படிக்கும் மேசையை நேற்று ஒரு பெரியவருக்கு விற்றேன். டிராயரைத் திறந்து பார்க்காமலே வண்டியில் ஏற்றிவிட்டேன். அதற்குள் அவளுடைய பாடப் புத்தகங்களும் கோல்கீப்பர் கையுறையும் இருந்திருக்கின்றன. பெரியவர் ஃபோன் செய்து, "பாவம், யாரோ படிக்கிற பொண்ணோடது போலிருக்கே" என்றார். என் மகளுடையதுதான் என்றேன். "கடை மூடின பிறகுதான் நான் அந்தப் பக்கம் வருவேன். உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க, கொண்டுவந்து கொடுத்துடறேன்" என்றார். எத்தனையோ பேரிடம் நான் கேட்டு எழுதிக்கொள்ளும் கேள்வி அக்கா அது. சரக்கை எங்கே இறக்க வேண்டும்? மகள் எதிரிலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு வீடு இல்லைங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன் அக்கா. கூரை இடிந்து விழவில்லை. அந்தச் சூட்டோடு டீச்சருக்கும் ஃபோன் போட்டு அதையே சொன்னேன். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. மகள் அதே பள்ளியில்தான் படிக்கப் போகிறாள்; திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகும் நேரத்துக்கே பஸ் கடை வாசலில் நிற்குமாம். ஆகவே மேலே நான் பீற்றிக்கொண்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

ஃபோனை வைத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் போல மகளைப் பார்த்தேன்.

"நான் டீச்சர்கிட்ட போன மாசமே சொல்லிட்டேன்பா," என்றாள். "நீங்க சொல்றதுக்காகத்தான் பஸ்ஸை நிறுத்தி வெச்சிருந்தாங்க."