அண்ணிக்கு எடுப்பான கலர்

வெளிர் மஞ்சளில் ஒன்பது சாதி உண்டென்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் ஷேடு அண்ணன்தான். ஒரகடம் பக்கம் எங்கள் லைன் வீடுகளில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் எனக்கு மேஸ்திரி. கேன்டீன் சாம்பாரைக்கூட ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, "நேத்திக்கு இன்னிக்கு ஒரு பொட்டு செவப்பு ஜாஸ்தி" என்பார்.

அவர் மனைவி ரோசி அண்ணி காலமான பிறகு அந்த வீட்டுக்குள் நுழையவே எங்களுக்குப் பயம். பூ கட்டும்போது அண்ணி தலை சாய்த்திருந்த சுவரில் எண்ணெய்க் கறை. முதலில் தலை மட்டும் இருந்தது. மழைக்காலம் வந்ததும் கொண்டையும் தெரிந்தது.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினார்: "சுவத்துல பேய் கீதுன்னு எதிர்வூட்டுக்காரன் காலி பண்ணிகினு பூட்டான். கிறிஸ்மஸ்க்குள்ள அத்த மறை. இல்லாங்காட்டி நீயும் கெளம்பு!"

அண்ணன் சுவருக்கு அடிக்கிற டிஸ்டம்பர் பெயிண்டைக் கலக்கினார். கிரீம் கலர் அடித்தார், காய்ந்ததும் அண்ணி வந்துவிட்டார். பிஸ்கட் அடித்தார், கொஞ்சம் மங்கலாக வந்தார். எனக்கென்னவோ எல்லாம் ஒரே கலர்தான். கடைசியாகச் சந்தனம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குப்பென்று தேங்காயெண்ணெய் வாசனை.

"டேய், ஸ்டூல ஆட்டாதடா!"

"நான் ஆட்டலண்ணே."

அண்ணன் குனிந்து ஸ்டூலைப் பார்த்துவிட்டு மறுபடி பிரஷ்ஷைத் தோய்த்தார்.

சந்தனம் காய்ந்தது. அண்ணி முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு வந்து உட்கார்ந்தார். பயந்து ஓடியிருக்க வேண்டும் நான். ஆனால் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, கறையை அடக்குகிற பிரைமர் போடாமல் கலர் அடிக்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே என் தலையில் குட்டியவர் அவர்.

"அண்ணே, பிரைமர் போடலியா?"

"போட்டா அவ எப்புடிடா வருவா? கிரீம்ல சோகையா தெரியறா. பிஸ்கட்ல மொகமே இல்ல. சந்தனந்தான் அவளுக்கு எடுப்பா கீது."

வீட்டுக்காரர் வருவதற்குள் என் பீரோவை இழுத்துப்போய் அந்தச் சுவரை மறைத்தேன். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பீரோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட இடம் விட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அதன்பிறகு தினமும் சட்டை எடுக்க அங்கேதான் போவேன். எல்லாச் சட்டையிலும் தேங்காயெண்ணெய் வாசனை வரும். அதோடுதான் ஷிஃப்டுக்குப் போனேன். அண்ணன் என் பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு முறை மூச்சை இழுத்துக்கொள்வார்.