மரியாதை தெரிந்த வண்டி

"வண்டி கத்தணும். 'நிறுத்து!'னு ஓட்டுறவர் மூஞ்சிக்கு நேரா கத்தணும்," என்றாள் தோகாஷி சிஹோ.

வண்டி நிறுவனத்தின் கூட்ட அறையில் எல்லாரும் அவரவர் தேநீர்க் கோப்பையை உற்றுப் பார்த்தார்கள். சிஹோ வேலையில் சேர்ந்த அன்றே பிரிவுத் தலைவர் நிஷிகோரி அவளிடம் சொன்ன முதல் விதி இதுதான்: நம் வண்டி வாடிக்கையாளரை அதட்டாது. அதட்டச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது.

"தோகாஷி-சான், இது அலுவலகம். மீன் சந்தை இல்ல," என்றார் நிஷிகோரி.

"மீன் சந்தைக்குத்தான் எங்கப்பா லாரி ஓட்டுறாரு. இந்தக் குரல் ஏறப்போறதும் அந்த மாதிரி சின்ன லாரியிலதான். கத்தினா அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நிறுத்திடுவாரு."

யாராவது குறுக்கே வந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் குரல் அது. கடைசிச் சோதனையில் இயக்குநர் கானெமித்சுவே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதல் தடவை, "முன்னால் ஆள், நிறுத்தவும்" என்றது வண்டி. அவர் புன்னகை மாறாமல், ஆளுக்குப் பதிலாக நிறுத்தியிருந்த பஞ்சுப் பொம்மையின் மேல் ஏற்றிவிட்டு இறங்கி, "அருமை, அருமை" என்று தலையாட்டினார்.

குழு கூடியது. குரலில் பணிவு போதாது, அதனால்தான் இயக்குநர் பொருட்படுத்தவில்லை என்று முடிவாயிற்று. முன்னால் ஒரு மன்னிப்பைச் சேர்த்தார்கள். இரண்டாவது பொம்மையும் போயிற்று. மன்னிப்புக்கு முன்னால் மென்மையாக ஒரு மணியோசை. அடுத்த பொம்மைக்குத் தலையே தேறவில்லை. "அருமை," என்றார் இயக்குநர்.

ஒப்புதல் தாளில் ஆளாளுக்குக் கையெழுத்துக்குப் பதிலான தங்கள் பெயர் முத்திரையை, வணங்குவதுபோல இயக்குநரின் முத்திரைப் பக்கம் சாய்த்தே குத்தினார்கள். காகிதத்தில்கூடக் குனிகிற கூட்டம். இவர்கள் செய்கிற வண்டி எங்கே கத்தும்?

கூட்டம் நடந்த அன்று மதியம் மறுபடியும் சோதனை. சிஹோவும் நிஷிகோரியும் பின்னிருக்கையில். பொம்மை தெரிந்ததும் மணி ஒலித்தது.

"இடையூறுக்கு மிகவும் வருந்துகிறோம். தங்கள் இனிய பயணத்தின் நடுவே, முன்னால் ஒருவர் நிற்பதாகத் தோன்றுவதால், தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்..."

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் சிஹோ.

இயக்குநர் புன்னகைத்தபடி ஓட்டினார்.

"யோவ், நிறுத்துய்யா!"

நிஷிகோரி கண்ணை மூடிக்கொண்டார். சிஹோ எட்டி, இயக்குநரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பொம்மையின் மூக்கருகே வண்டி குலுங்கி நின்றது.

"...தயவுகூர்ந்து நிறுத்த இயலுமா?" என்று முடித்தது குரல்.

திரும்பி வந்ததும் நிஷிகோரி அறைக் கதவைச் சாத்தினார். "இயக்குநர் மேலயே கை வச்சிட்டீங்களே!"

"நின்னுச்சா இல்லையா? சரி, கத்த வேணாம். ஸ்டியரிங் உதறட்டும், சீட்டு அதிரட்டும். அதையாவது சேருங்க."

"வாடிக்கையாளரை வண்டி தொடுறதா? அது கத்துறதைவிட மோசம்! மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. குரல் அப்படியே வசந்தத்துல விற்பனைக்குப் போகுது."

"பொம்மைங்க?"

"புதுசா வாங்கிக்கலாம்."

"எங்கப்பா லாரி முன்னாடி பொம்மை வராதுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான் வரும்."

நிஷிகோரி தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

சிஹோ கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்த அட்டையோடு அவள் நிற்கும் படத்தை வீட்டுப் புத்தர் மாடத்தில் அம்மா வைத்திருந்தாள். அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். அப்பாவிடம், பழைய லாரியையே ஓட்டச் சொல்ல வேண்டும்.

கீழே வரவேற்பு மேசையில் அட்டையை வைத்தாள். அங்கிருந்த பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தாள்.

"இயக்குநர் தோளைத் தட்டினீங்களாமே. நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மெதுவா."

சிஹோ நிற்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே கால் வைத்தபோது, பின்னால் அந்தப் பெண் ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"ரெண்டு வருஷமா அவருக்குக் காது சுத்தமா கேக்காது. மாடியில எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை வாய்விட்டுச் சொன்னா மரியாதையா இருக்காதுங்களே!"